வழக்கு மன்றம் எவ்வளவு தூரம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற ஆண்டு என் தந்தையார் ஒரு நில வழக்கில் சாட்சி சொல்லச் சம்மன் பெற்று வெளியூர் நீதிமன்றத்துக்குப் போனார். விடியற்காலையில் பேருந்து ஏறியவர் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்பினார். அன்றைய கூலி போயிற்று, வழக்கோ வாய்தா. "காலேஜில் படிக்கிறாயே, கோர்ட்டை எந்த ஊரில் வைப்பது என்று யாரப்பா முடிவு செய்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆயினும் எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் தேடியபோது, இக்கேள்வியைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்த நாடு ஒன்று உண்டென்று அறிந்தேன். அது அமெரிக்கா. அறிந்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இருவகை நீதிமன்றங்கள்

நம் நாட்டில் மத்தியச் சட்டமாயினும் மாநிலச் சட்டமாயினும் விசாரிப்பது ஒரே நீதிமன்ற வரிசைதான். அமெரிக்காவில் அவ்வாறன்று. மாநிலங்களுக்குத் தனி நீதிமன்றங்கள். மத்திய அரசுக்குத் தனி நீதிமன்றங்கள். கள்ள நோட்டு, வருமான வரி ஏய்ப்பு, காப்புரிமை முதலிய மத்தியச் சட்ட வழக்குகளை முதலில் விசாரிப்பவை மத்திய மாவட்ட நீதிமன்றங்கள். 'மாவட்டம்' என்றதும் நம் கலெக்டர் மாவட்டத்தை நினைத்துவிடக் கூடாது. அதை ஒத்த ஆட்சிப் பிரிவு அங்கே 'கவுண்டி' எனப்படும். மாநிலம் முழுவதுமோ, பல கவுண்டிகள் சேர்ந்த ஒரு பகுதியோ ஒரு நீதி மாவட்டம் ஆகும்.

1789-ஆம் ஆண்டுச் சட்டம் 13 நீதி மாவட்டங்களை அமைத்தது. இன்று அவை 94. ஐம்பது மாநிலங்களுள் 26-இல் மாநிலம் முழுவதும் ஒரே நீதி மாவட்டம். கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் ஆகிய மூன்றுக்கு மட்டும் நான்கு நான்கு. இந்த எல்லைகளை வகுப்பவர்கள் நீதிபதிகள் அல்லர். நாடாளுமன்றமாகிய காங்கிரஸ் சட்டம் இயற்றியே வகுக்கிறது.

இதில் இத்தனை கவனம் ஏன்? குடியேற்ற நாட்டு மக்களை விசாரணைக்காகக் கடல் கடந்து கொண்டு செல்வது, பிரிட்டிஷ் மன்னர் மீது 1776 சுதந்திரப் பிரகடனம் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. அந்த நினைவு மாறாமல் 1791-இல் ஆறாவது திருத்தம் வந்தது. குற்றம் நடந்த மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்த ஜூரிகளே விசாரிக்க வேண்டும். அந்த மாவட்டமும் முன்கூட்டியே சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. வழக்கு வந்த பிறகு எல்லையை மாற்றி, ஆட்சியாளருக்கு வேண்டிய ஊரில் விசாரணை வைக்க முடியாது.

டெக்சாஸ் காட்டும் படம்

டெக்சாஸ் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் பரப்புடையது. 1845-இல் அது மாநிலமாகச் சேர்ந்தபோது ஒரே நீதி மாவட்டம்தான். 1857-இல் கிழக்கு, மேற்கு என இரண்டாயிற்று. 1879-இல் வடக்கும், 1902-இல் தெற்கும் பிறந்தன. மாநிலத்தின் 254 கவுண்டிகளில் வடக்கு மாவட்டத்துக்கு 100, மேற்குக்கு 68, கிழக்குக்கும் தெற்குக்கும் தலா 43.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாவட்டமும் பல கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மேற்கு மாவட்டத்தில் சான் அன்டோனியோவும் எல் பாசோவும் அடக்கம். இவ்விரு நகரங்களுக்கும் இடையே சுமார் 880 கிலோ மீட்டர்! ஒரே ஊரில் நீதிமன்றம் இருந்தால் மக்கள் என்ன ஆவார்கள்? ஆகவே ஆஸ்டின், வேக்கோ, பேக்கோஸ், டெல் ரியோ முதலிய ஊர்களிலும் மன்றம் கூடுகிறது.

டெக்சார்க்கானா என்னும் ஊரில் ஒரு விந்தை. அங்குள்ள மத்திய நீதிமன்றக் கட்டடம் மாநில எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. பாதி டெக்சாஸில், பாதி ஆர்க்கன்சாஸில்! இரு மாநிலங்களின் மத்திய நீதிமன்றங்களும் அதே கட்டடத்தில் இயங்குகின்றன.

சாட்சியின் பாடு

தூரத்தை அளப்பதற்கும் விதி உண்டு. சிவில் வழக்கில் தொடர்பற்ற ஒரு சாட்சியை, அவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலிருந்து 100 மைலுக்கு அப்பால் வரும்படி பொதுவாகக் கட்டாயப்படுத்த இயலாது. மாநிலத்துக்குள்ளே அதைவிடத் தூரம் அழைப்பதானால், அவருக்குப் பெருஞ்செலவு நேரக் கூடாது. குற்ற வழக்கிலோ, மாவட்டத்துக்குள் எந்த ஊரில் விசாரிப்பது என்று முடிவு செய்கையில் குற்றஞ்சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் வசதியை நீதிமன்றம் கருத வேண்டும்.

குறையும் உண்டு

இவ்வளவும் படித்து வியந்த எனக்கு மறுபக்கமும் தெரிய வந்தது. சிறு ஊரில் மன்றம் வைத்தால் அங்கே ஒரே ஒரு நீதிபதி இருக்க நேரலாம். அப்போது ஊரைத் தேர்ந்தெடுப்பவர் நீதிபதியையே தேர்ந்தெடுத்தவர் ஆகிறார். 2021-இல் நாடெங்கும் தாக்கலான காப்புரிமை வழக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வேக்கோ என்னும் ஒரே ஊரில் வந்து குவிந்தன. 2022 ஜூலையில் மேற்கு மாவட்டத் தலைமை நீதிபதி, அவ்வழக்குகளைக் குலுக்கல் முறையில் பன்னிரண்டு நீதிபதிகளுக்குப் பகிர்ந்தளிக்க ஆணையிட்டார். ஏழைக்கு அருகில் வரட்டும் என்று வகுத்த ஏற்பாட்டைப் பெரிய கம்பெனிகள் தம் வசதிக்குப் பயன்படுத்திக் கொண்டன. கோடு போட்டால் மட்டும் போதாது; அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விடுமுறையில் இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அங்கே சாட்சிக்குக் கூலி உண்டா?" என்றார். நாளொன்றுக்கு 40 டாலர் படியும் பயணச் செலவும் சட்டப்படி உண்டு என்றேன். "வாய்தா போட்டாலுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. "வரச்சொன்ன நாளுக்கெல்லாம் உண்டு அப்பா" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, அடுத்த வாய்தாத் தேதி என்றைக்கு என்று சம்மனை எடுத்து என்னையே படிக்கச் சொன்னார்.