முகப்பருவுக்கு ஒளிச் சிகிச்சை: யாருக்குப் பயன்படும்?

"திருமணத்துக்கு இரண்டு மாதங்களே உள்ளன. ஒளிச் சிகிச்சை செய்தால் முகம் தெளிந்துவிடுமா?" மகளுடன் தோல் மருத்துவப் பிரிவுக்கு வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை கூறுமுன், பருவின் தன்மையையும் அதுவரை பூசிய களிம்புகளையும் நாங்கள் அறிய வேண்டியுள்ளது.

ஒளியால் தோல் நோயைக் குணப்படுத்தும் முயற்சி புதிதன்று. தோலில் தோன்றும் காசநோய்க்கு ஒளியைப் பயன்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு பெற்றார்.

ஒளி என்ன செய்கிறது?

மயிர்க்கால்களில் வாழும் பருக் கிருமி, போர்ஃபைரின் என்னும் வேதிப்பொருளை உண்டாக்குகிறது. சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி படும்போது அப்பொருள் தூண்டப்பட்டு, அதை உண்டாக்கிய கிருமியையே அழிக்கிறது. சுமார் 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் சென்று வீக்கத்தைத் தணிக்கிறது. கொலாஜனை உருவாக்கும் செல்களையும் அது தூண்டுவதால், மெல்லிய சுருக்கங்கள் ஓரளவு குறையலாம். பொதுவாக வாரம் இருமுறை, 15 முதல் 20 நிமிடங்கள் வீதம், நான்கு வாரங்களுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

எதற்குப் பயன்படாது?

சிவந்து வீங்கிய சிறு பருக்கள் குறைவதுண்டு. ஆனால் கரும்புள்ளிகள், ஆழமான கட்டிகள், பள்ளத் தழும்புகள் ஆகியவை இதனால் பெரிதும் மாறுவதில்லை. ஒளிச் சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், தரமான சான்றுகள் போதவில்லை என்றே கூறியது. ஆகவே பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகளும், தேவையெனில் மாத்திரைகளுமே முதன்மைச் சிகிச்சை; ஒளி அவற்றுக்குத் துணை மட்டுமே. ஆழமான கட்டிகளுக்கு மருந்தின்றிக் காலம் தாழ்த்தினால், தழும்பு நிலைத்துவிடும்.

நம் மாநிறத் தோலுக்கு மற்றொரு கவனமும் தேவை. நீல ஒளி சிலருக்கு நிறத்தைக் கருமையாக்கலாம். மங்கு உள்ளவர்களுக்கு அது கூடலாம். அளவு மிகுந்த தீவிரத் துடிப்பொளி, தோலைச் சுட்டுவிடவும் கூடும்.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கூற வேண்டியவை:

• டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் உள்ளிட்ட, உட்கொள்ளும் எல்லா மருந்துகளும். சில மருந்துகள் ஒளியைத் தாங்கும் திறனைக் குறைக்கும்.
• லூபஸ், வலிப்பு, கண் நோய் இருப்பின் அதன் விவரம்.
• கருவுற்றிருத்தல் அல்லது அதற்கான திட்டம். ஐசோட்ரெடினாயின் கருவைக் கடுமையாகப் பாதிக்கும்.
• மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் பூசிய 'சிவப்பழகு' களிம்புகள். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அதுவே பருவுக்குக் காரணமாக இருக்கலாம். களிம்பின் குழாயையே எடுத்து வாருங்கள்.

சிகிச்சையின்போது கண் கவசத்தைக் கழற்றாதீர்கள். பூச்சு மருந்து தடவி ஒளி பாய்ச்சும் முறையெனில், அடுத்த 48 மணி நேரம் வெயிலையும் வலுவான விளக்கொளியையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டு மாதங்களில் முகம் தெளியுமா? முறையான மருந்துடன் பருக்கள் கணிசமாகக் குறைய வாய்ப்புண்டு. பழைய தழும்புகள் மறைய இன்னும் நெடுங்காலம் ஆகும். இதை முதல் நாளிலேயே கூறிவிடுகிறோம். பெற்றோரிடம் மற்றொன்றையும் வேண்டுகிறோம்: பரு வந்தது உங்கள் பிள்ளையின் குற்றமன்று. அதைக் கிள்ளாதிருக்கவும், மருந்தை இடையில் நிறுத்தாதிருக்கவும் அவர்களுக்குத் துணை நில்லுங்கள்.