செக்கு மாட்டுக்கும் சனிக்கிழமை லீவு!

கோடை விடுமுறையில் பர்கூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். அத்தனையும் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற சரக்கு. கிளி மூக்கு மாதிரி நுனி வளைந்த 'பெங்களூரா' மாங்காய்தான் அதில் அதிகம். பழத்தைப் பிழிந்து கூழாக்கி, டின்னிலும் பெரிய டிரம்மிலும் அடைத்து வெளிநாடுகளுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள்.

ஏற்றுமதி ஆகிற உணவுக்குப் பல சான்றிதழ்கள் வேண்டும். சுத்தமாகத் தயாரித்தது என்று ஒன்று. முஸ்லிம்கள் சாப்பிடலாம் என்று சொல்லும் 'ஹலால்' சான்று ஒன்று. இந்த வட்டாரத்து ஆலைகள் சில, மூன்றாவதாக இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கின்றன. அதன் பெயர் 'கோஷர்'. யூதர்கள் சாப்பிடலாம் என்பதற்கான சான்று அது.

யூதர்களா? பர்கூரில் யூதர் யாரையும் பார்த்ததே இல்லையே என்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊர் மாம்பழம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போகிறது. அவர்கள் யார், எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோமே!

மாம்பழத்துக்கு எதற்குச் சான்று?

யூதர்களின் வேதத்துக்குத் 'தோரா' என்று பெயர். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று அதில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. குளம்பு பிளந்து, அசை போடும் விலங்காக இருக்க வேண்டும். ஆடு சரி, பன்றி கூடாது. மீன் என்றால் துடுப்பும் வேண்டும், செதிலும் வேண்டும். கிருஷ்ணகிரி அணையில் பிடிக்கிற கெண்டை சாப்பிடலாம். செதில் இல்லாத கெளுத்தி கூடாது. இறால், நண்டு அறவே கூடாது. இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சமைக்கவோ சேர்த்துச் சாப்பிடவோ மாட்டார்கள். வழக்கத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் இருக்கும்.

மாம்பழத்தில் இறைச்சி ஏது? உண்மைதான். பழங்கள் எல்லாமே கோஷர்தான். ஆனால் அதைப் பிழிகிற இயந்திரத்தில் அதற்கு முன் என்ன ஓடியது, கூழில் வேறு ஏதாவது சேர்த்தார்களா, பழத்தோடு புழு பூச்சி போய்விட்டதா? இதையெல்லாம் 'ரபி' எனப்படும் யூத குருமார்கள் ஆலையைப் பார்வையிட்டு உறுதி செய்த பிறகே சான்று தருகிறார்கள்.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. மரம் நட்டு முதல் மூன்று ஆண்டுகளில் காய்க்கிற பழத்தைச் சாப்பிடக் கூடாது என்கிறது தோரா. நான்காம் ஆண்டுப் பழம் கடவுளுக்கு உரியது. அதற்குப் பிறகுதான் நட்டவருக்கு. இதைப் படித்தவுடன் எனக்கு நம் ஊர் மாந்தோப்புகள்தான் நினைவுக்கு வந்தன. ஒட்டு மாங்கன்று நட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று வருடம் பூ வந்தால் கிள்ளிப் போட்டுவிடுவார்கள். கன்று முதலில் வேர் பிடித்து வளரட்டும், காய் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. காரணம் வேறு வேறாக இருந்தாலும் காத்திருப்பது மூன்று வருடம்தான்!

மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை

யூதர்கள் வாரத்தில் ஒருநாள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அந்த நாளுக்குச் 'சப்பாத்' என்று பெயர். வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிறபோது முடியும். கடிகாரம் இல்லாத காலத்துக் குழந்தைகள் கழுத்து வலிக்க வானத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீடுகளில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே நேரத்தில் யூத வீட்டு அம்மாவும் விளக்கேற்றுகிறார். சூரியன் மறைவதற்குள் ஏற்றிவிட வேண்டும். ஏனென்றால் சப்பாத் தொடங்கிவிட்டால் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது. அடுப்பு எரியாது, சமையல் கிடையாது. வேண்டிய உணவை வெள்ளிக்கிழமையே செய்து வைத்துவிடுவார்கள். கடை கிடையாது, வியாபாரம் கிடையாது. குடும்பம் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும், பாடும், பேசும். ஹோம் ஒர்க் எழுதுவதும் கூடாது என்றால் உங்களுக்குச் சந்தோஷம்தானே? எழுதுவதும் 'வேலை' என்ற கணக்கில்தான் வருகிறது!

இந்த ஓய்வு வீட்டு எஜமானருக்கு மட்டும் இல்லை. வேலைக்காரருக்கும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவருக்கும் உண்டு. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட உண்டு. நாம் வருடத்தில் ஒருநாள் மாட்டுப் பொங்கல் கொண்டாடுகிறோம். இவர்கள் வீட்டு மாட்டுக்கு வாராவாரம் விடுமுறை.

சனிக்கிழமை எண்ணெய்க்காரர்

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கடற்கரையில் ஒரு மக்கள் கூட்டம் இருந்தது. செக்கில் எண்ணெய் ஆட்டுவது அவர்கள் தொழில். மற்ற எண்ணெய்க்காரர்களைப் போலவே மராத்தி பேசினார்கள். பெண்கள் புடவை கட்டினார்கள். ஒரே ஒரு வித்தியாசம். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. மாடு அவிழ்த்தே இருக்கும். அதனால் ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி'. சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அர்த்தம்.

அவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் நவ்காவ் என்ற ஊருக்கு அருகே உடைந்ததாம். ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் உயிர் தப்பிக் கரை சேர்ந்தார்களாம். இது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. புத்தகம் எல்லாம் கடலோடு போய்விட்டது. காலப்போக்கில் எபிரேய மொழியும் மறந்துவிட்டது. ஆனாலும் கடவுள் ஒருவரே என்று சொல்லும் சிறு வழிபாட்டு வாசகம், சனிக்கிழமை ஓய்வு, உணவு விதிகள் இவற்றை மட்டும் விடவில்லை. தங்களைப் 'பெனே இஸ்ரேல்', அதாவது இஸ்ரேலின் பிள்ளைகள் என்று அழைத்துக்கொண்டார்கள்.

பிறகு தாவீது ரஹாபி என்ற யூதர் அங்கே வந்தாராம். இவர்கள் உண்மையிலேயே யூதர்கள்தானா என்று அவருக்குச் சந்தேகம். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பலவகை மீன்களைக் கலந்து பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னார். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துடுப்பும் செதிலும் உள்ள மீனை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமும் பிரித்து வைத்தார்கள். மற்றதை நாங்கள் சாப்பிட மாட்டோம் என்றார்கள். ரஹாபிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இதுவும் செவிவழிக் கதைதான். ஆனால் இப்படி ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அதைச் சொல்லுங்கள்!

தீர்க்கதரிசி எலியாவை வேண்டிக்கொண்டு அவர்கள் படைக்கும் பிரசாதத்துக்கு 'மலிதா' என்று பெயர். ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், சுற்றிலும் பழங்கள். நம் கிருஷ்ண ஜெயந்தி அவல்தான், போங்கள்! வேறு நாட்டு யூதர்களிடம் இந்த வழக்கம் இல்லை. இந்திய மண்ணில் வாழ்ந்ததால் கிடைத்தது இது.

திப்புவின் சிறையில் ஒரு யூதர்

இனி நம் பக்கத்துக் கதை. பர்கூர், கிருஷ்ணகிரி அடங்கிய பகுதிக்கு அப்போது பாராமகால் என்று பெயர். 1792 வரை அது ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்ற பெனே இஸ்ரேல் அதிகாரி இருந்தார். திவே என்ற ஊர்க்காரர் என்பதால் திவேகர். பர்கூர்காரர் என்று நாம் சொல்வது போலத்தான்.

மைசூர்ப் போரில் அவர் திப்புவின் படையிடம் கைதியானார். என்ன சாதி என்று விசாரித்தபோது, "பெனே இஸ்ரேல்" என்றாராம். இதைக் கேட்ட திப்புவின் தாயார், "நம் குர்ஆனில் சொல்லப்பட்ட மக்கள் அல்லவா இவர்கள்! ஒன்றும் செய்துவிடாதே" என்று மகனிடம் கேட்டுக்கொண்டாராம். குர்ஆனில் 'பனீ இஸ்ராயீல்' என்ற பெயர் பல இடங்களில் வருவது உண்மை. யூதர் மதிக்கும் ஆபிரகாமும் மோசேயும் முஸ்லிம்களுக்கு இப்ராஹிம் நபி, மூசா நபி. கிறிஸ்தவர்களின் பைபிளிலும் இவர்கள் உண்டு.

தாயார் சொன்ன வார்த்தை பெனே இஸ்ரேல் வீடுகளில் சொல்லப்பட்டு வரும் கதை. அவர் விடுதலையானதும் அதற்குப் பிறகு செய்ததும் வரலாறு. நன்றிக்கடனாக 1796இல் மும்பையில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார். அந்த நகரின் முதல் யூதக் கோயில் அதுதான். 'கருணையின் வாயில்' என்று அதற்குப் பெயர். தெருவுக்கும் சாமுவேல் தெரு என்றே பெயர் வந்தது. பக்கத்தில் உள்ள 'மஸ்ஜித்' ரயில் நிலையத்தின் பெயரும் இந்தக் கோயிலைக் குறித்தே வந்தது என்று சொல்கிறார்கள். ஊரார் இதை 'பழைய மஸ்ஜித்' என்று அழைத்தார்களாம்!

பத்துப் பேர் வேண்டும்

1948இல் இஸ்ரேல் நாடு உருவானதும் இந்திய யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். யாரும் துரத்தவில்லை. தங்கள் வேதத்தில் சொல்லப்பட்ட மண்ணுக்குப் போக ஆசைப்பட்டுப் போனார்கள். இன்று இந்தியா முழுவதும் சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். யூதர்களின் முழு வழிபாட்டுக்கு, பழைய வழக்கப்படி, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது. கேரளத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீலப் பூ ஓடுகள். நம் கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவ்வளவு அழகான கோயிலில் உள்ளூர்க்காரர் பத்துப் பேர் சேராமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. வெளியூர் யூதர் யாராவது சுற்றுலா வந்தால் எண்ணிக்கை சேரும்.

கொல்கத்தாவிலும் இதே கதை. அங்குள்ள யூதக் கோயில்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கித் துடைத்துப் பாதுகாத்து வருபவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவியர்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் சாரா கோஹன் என்ற பாட்டி பூவேலைக் கடை வைத்திருந்தார். தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் சிறுவன் படிப்பை நிறுத்திவிட்டு அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பட அஞ்சலட்டை விற்று வந்தான். சரக்கு வைக்க இடமில்லாமல் ஒருநாள் தவித்தபோது, சாராவின் கணவர் ஜேக்கப் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சாராவுக்கு முதலில் இது அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். போகப் போக அந்தப் பையன் தையலில் உதவினான், கடையைப் பார்த்துக்கொண்டான். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். 1999இல் ஜேக்கப் இறக்கும் முன், சாராவைப் பார்த்துக்கொள் என்று தாஹாவிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இருபது ஆண்டுகள் தாஹா அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். 2019 ஆகஸ்டில், 96 வயதில் சாரா காலமானார். அதன் பிறகும் தாஹா கடையை மூடவில்லை.

அந்தக் கடையில் விற்ற பொருள்களில் முக்கியமானது, சப்பாத் ரொட்டியை மூடுகிற பூவேலைத் துணி. ரொட்டியை எதற்கு மூட வேண்டும்? சாப்பாட்டில் முதல் மரியாதை ரொட்டிக்குத்தான். ஆனால் சப்பாத் இரவில் திராட்சை ரசத்துக்கு முதலில் நன்றி சொல்லியாக வேண்டும். பாவம், ரொட்டிக்கு மனம் நோகுமே! அதனால் அதுவரை அது பார்க்காதபடி துணியால் மூடி வைத்துவிடுகிறார்கள்.