கடலை அளந்த பலகை

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டியில் கடல் இல்லை. கரிசல் காடுதான் உண்டு. களத்தில் காவலுக்குப் படுத்திருக்கும் இரவுகளில் என் தாத்தா வடக்கே ஒரு விண்மீனைக் காட்டி, "அது மட்டும் இடம் மாறாதுடா" என்பார். அந்த விண்மீனைக் கொண்டு கடலையே அளந்தார்கள் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கையை நீட்டி, மூடிய கைமுட்டியை அடிவானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அதன் அகலம் சுமார் 10 பாகை. எங்கள் ஊரில் விண்மீன் முட்டியின் மேல்விளிம்பை ஒட்டி நிற்கும்.

நம் மாலுமிகள் கைமுட்டிக்குப் பதிலாக ஒரு சிறு பலகையைப் பிடித்தார்கள். அதுவே இராப்பலகை, அராபியர் கமால் என்றனர். பலகையின் நடுவில் முடிச்சிட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு விண்மீனையும் தொடும்வரை நகர்த்துவார்கள். துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு. தம் ஊரின் முடிச்சு பொருந்தியதும் கப்பலைக் கரை நோக்கித் திருப்புவார்கள். சோழமண்டலக் கரையில் இக்கருவி வழங்கியதைக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850-இல் எழுதியிருக்கிறார்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். ஆகவே போர்த்துகீசியர் நண்பகல் சூரியனின் உயரத்தை ஆஸ்ட்ரோலேப் கருவியால் அளந்து, அட்டவணையைப் பார்த்து அட்சரேகையைக் கணக்கிட்டார்கள். அக்கருவியோடு வந்த வாஸ்கோடகாமாவும் மாலிந்தியில் ஒரு வழிகாட்டி மாலுமியைப் பெற்றே அரபிக்கடலைக் கடந்தார். 1498 ஏப்ரல் 24-இல் புறப்பட்டு, 23 நாள் கரை காணாமல் ஓடி, மே 18-இல் மலையாளக் கரையின் மலைகளைக் கண்டார்.

திரும்பும்போது உரிய பருவக்காற்றுக்குக் காத்திராமல் அக்டோபர் 5-இல் கிளம்பினார். ஆப்பிரிக்கக் கரை தெரிந்தது 1499 ஜனவரி 2-இல். ஸ்கர்வி நோயால் சுமார் 30 பேர் கடலிலேயே மாண்டனர். கருவி இருந்தது; காற்றை அறிந்து நடக்கவில்லை.

"வாஸ்கோடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார்" என்று தேர்வில் எழுதி நானும் மதிப்பெண் பெற்றவன்தான். ஐரோப்பியருக்கு அது புதுவழி. வழிகாட்டிய மாலுமிக்கோ பழகிய பாதை. அப்பயணத்தில் நாட்குறிப்பு எழுதியவர் புறப்பட்ட நாளையும் கரை கண்ட நாளையும் குறித்தார். அந்த மாலுமியின் பெயரைக் குறிக்கவில்லை.

நண்பர்களே, இன்றிரவு மாடியில் நின்று வடக்கே கைமுட்டியை நீட்டிப் பாருங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேயும் இருக்கிறது.