கொம்பு வைத்த ராட்சத ஆமை

ஆமைக்குக் கொம்பு முளைக்குமா? தலையில் இல்லை, ஓட்டில் முளைத்திருக்கிறது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்டூபென்டெமிஸ் என்னும் நன்னீர் ஆமையின் சில ஓடுகளில், கழுத்துக்கு இரு பக்கமும் தடித்த கொம்புகள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன.

'எவ்வளவு பெரிசு?' என்றுதான் குழந்தைகள் முதலில் கேட்பார்கள். ஓடு மட்டுமே 2.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டடி. வீட்டுக் கட்டிலில் வைத்தால் கால்மாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடை 1,100 கிலோவுக்கு மேல் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டைனோசர் காலத்துக் கடலில் நீந்திய ஆர்க்கிலான் என்ற ஆமை இதைவிடப் பெரியது. ஆனால் ஆற்று, ஏரி ஆமைகளில் இதை மிஞ்ச ஆள் இல்லை.

வெனிசுவேலாவின் உருமாக்கோ பகுதியில் 1972-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு இதன் எலும்புகளைத் தோண்டி எடுத்தது. 1976-இல் ரோஜர் வுட் பெயர் சூட்டினார். அதன்பின் பல ஆண்டுகள் இதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உருமாக்கோவிலும் கொலம்பியாவின் டட்டகோவா பாலைவனத்திலும் கிடைத்த புதிய ஓடுகளையும் தாடையையும் ஆராய்ந்து, எட்வின் கடேனாவும் சக ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட கட்டுரைதான் நிறைய சேதி சொன்னது.

கொம்புகள் எல்லா ஓட்டிலும் இல்லை. அதனால் அவை ஆண் ஆமைகளுக்கு மட்டுமே உரியவை என்பது அவர்கள் கணிப்பு. ஒரு கொம்பில் நீளமான, ஆழமான வடு இருக்கிறது. இரண்டு ஆண்கள் முட்டி மோதிக்கொண்டதில் பட்ட காயமாக இருக்கலாம். டன் கணக்கில் எடையுள்ள இரு ஆமைகளின் சண்டை எவ்வளவு மெதுவாக நடந்திருக்குமோ!

இவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் நிம்மதி இல்லை. அதே நீர்நிலைகளில் பூருசாரஸ் என்ற முதலை இனமும் இருந்தது. அதன் நீளம் சுமார் 10 மீட்டர். ஆமை ஓடுகளில் கடித்த தடங்கள் உண்டு. ஓர் ஓட்டில் முதலையின் பல்லே சிக்கியிருந்தது. ஓட்டுக்குள் ஒளிந்துகொள்வதிலும் இந்த வகையின் வழி தனி. நம் ஊர்க் குளத்து ஆமை கழுத்தை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டூபென்டெமிஸின் குடும்பமோ கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்கு அடியில் தலையை ஒதுக்கிவைக்கும்.

சாப்பாட்டில் பெரிய பிடிவாதம் இல்லை. தாடையின் அமைப்பைப் பார்த்தால் நத்தை, மீன், பாம்பு, பெரிய விதைகள் என்று கிடைத்ததையெல்லாம் தின்றிருக்கும் போலிருக்கிறது.

உருமாக்கோவும் டட்டகோவாவும் இன்று வறண்ட மண். அன்றோ அமேசானும் ஒரினோக்கோவும் இன்றைய வடிவம் பெறவில்லை; சதுப்பும் ஏரியும் ஆறும் பின்னிக் கிடந்த பரந்த நீர்நாடு அது. பெரிய உடம்பு வளர இடமும் தீனியும் அங்கே தாராளம். ஆண்டீஸ் மலைத்தொடர் உயர உயர ஆறுகள் திசை மாறின, சதுப்பு நிலம் சுருங்கியது. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஆமையும் மறைந்துபோனது. இதன் நெருங்கிய சொந்தமான பெருந்தலை ஆமை இன்றும் அமேசான் ஆற்றுப் பகுதியில் நீந்துகிறது. ஸ்டூபென்டெமிஸின் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் அது.