டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளிக்கூடம்



யுத்தம் ஓய்ந்த மறுநாள் ஒரு கிராமத்தார் கையில் பீரங்கி வைத்த டாங்கி ஒன்று அகப்பட்டால் அதை என்ன செய்வார்கள்? பொருட்காட்சியில் வைப்பார்களா? பழைய இரும்புக்குப் போட்டுப் பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்வார்களா?

இத்தாலியின் வடபகுதியில் ரெஜ்ஜியோ எமிலியா என்றொரு நகரம். அதிலிருந்து சில மைல் தூரத்தில் வில்லா செல்லா என்ற குடியானவர் கிராமம். 1945 ஏப்ரல் கடைசியில் முசோலினியின் கொட்டம் அடங்கிற்று. நாஜிப் படை பின்வாங்கி ஓடிற்று. ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போன ஆஸ்தி ஒரு டாங்கி, சில லாரிகள், சில குதிரைகள். கிராமத்தார் கூடிப் பேசினார்கள், விற்றார்கள், அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டத் துணிந்தார்கள். அதுவும் யாருக்கு? மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு!

செய்தி கேட்டு நகரத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார் லோரிஸ் மலகுஸ்ஸி என்ற 25 வயது ஆரம்பப் பள்ளி ஆசிரியர். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லைப் பெண்கள் எடுத்து வந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். நிலம் ஒரு விவசாயி கொடுத்தது. உழைப்பு, இரவு நேரமும் ஞாயிற்றுக்கிழமையும். பகலில் வயலுக்கும் ஆலைக்கும் போகவேண்டுமல்லவா? எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள் என்றார்கள் அவரிடம். எனக்கு அனுபவம் போதாது, உங்களோடு சேர்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன் என்றார் அவர். 1994-ல் கண் மூடும் வரையில் அந்த வேலையை அவர் விடவில்லை.

இது ஏதோ ஒரு நாள் உற்சாகம் என்று எண்ணவேண்டாம். இத்தாலியப் பெண்கள் சங்கம் அந்த வட்டாரத்தில் இப்படிப் பல பள்ளிகளைத் தோற்றுவித்தது. பணமில்லாமல் சில மூடப்பட்டன. அந்நாளில் இத்தாலியில் சிறு பிள்ளைகளின் பள்ளி என்றால் அது பெரும்பாலும் மாதாகோவிலின் கையில்தான். வேலைக்குப் போகும் தாய்மார் நகரசபையின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கம்யூனிஸ்டுகள் தலைமையிலிருந்த நகரசபை 1963-ல் தன் சொந்தச் செலவில் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. அதாவது, டாங்கி விற்று 18 வருஷம் கழித்து! 1971-ல் கைக்குழந்தைகளுக்கும் காப்பகம் வந்தது. அதற்கு வைத்த பெயர் ஜெனொவெஃபா செர்வி. யார் அந்த அம்மாள்? பாஸிஸ்டுகள் ஒரே நாளில், 1943 டிசம்பர் 28-ல், சுட்டுக் கொன்ற ஏழு சகோதரர்களைப் பெற்ற விவசாயத் தாய்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? 1976-ல் நகரசபைப் பள்ளிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று வானொலியில் பிரசாரம் கிளப்பினார்கள். மலகுஸ்ஸி என்ன செய்தார்? பள்ளிக் கதவைத் திறந்துவைத்து, பாதிரிமார் உள்பட யார் வேண்டுமானாலும் வந்து வாதாடலாம் என்று அழைத்தார். மாதக் கணக்கில் நடந்தது அந்த விவாதம். பெற்றோர் பள்ளியின் பக்கம் நின்றார்கள். பிரசாரம் பிசுபிசுத்தது.

அங்கே பாடம் எப்படி? ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், சமமாக. பள்ளிதோறும் களிமண், வண்ணம், கம்பி, காகிதம் நிறைந்த ஒரு பட்டறை. அதற்கென ஒரு கலைஞர். சமையற்காரரும் பள்ளி ஊழியரே, ஏவலாள் அல்லர். குழந்தை என்ன கேட்டது, என்ன வரைந்தது, எப்படி யோசித்தது என்பதை ஆசிரியர் எழுதி, படம் எடுத்துச் சுவரில் வைக்கிறார். பெற்றோர் வந்து படிக்கிறார்கள். இப்படி எழுதவும் கூடிப் பேசவும் ஆகும் நேரம் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்துக்குள்ளேயே வருகிறது. நம் ஆசிரியைகள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிப்பார்கள் என்று நினைக்கிறேன்!

1981 முதல் அந்தப் பிள்ளைகளின் வேலைப்பாடுகள் பொருட்காட்சியாக நாடு நாடாகச் சென்றன. 1991-ல் அமெரிக்கப் பத்திரிகை நியூஸ்வீக் அங்குள்ள டயானா பள்ளியை உலகின் மிகச் சிறந்த பள்ளிகளில் ஒன்றென எழுதியது. கண்டம் கடந்து ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். 2006-ல், பழைய பாலாடைக்கட்டிக் கிடங்கு ஒன்று, வருகிறவர்களும் உள்ளூராரும் கூடிப் பேசும் சர்வதேச மையமாகத் திறக்கப்பட்டது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். உழைப்பாளி கட்டிய அந்த முறையின் பெயர் இன்று நம் பெரிய நகரங்களில் கட்டணம் மிகுந்த பள்ளிகளின் விளம்பரப் பலகையில் தொங்குகிறது! இது முதல் தடவையுமல்ல. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லம் எங்கே இருந்தது? சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில். பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரைக் கெடுக்கிறார்கள் என்று கட்டடக் கம்பெனிக்குக் கவலை; அதனால் இடம் கிடைத்தது. அதே அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றினார்; யுத்த காலம் முழுதும் இந்தியாவிலேயே இருந்தார். அந்த வித்தை நம் சேரிக்கு எவ்வளவு வந்தது? சீமான் வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு போயிற்று?

நம்மிடம் என்ன இல்லை? 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இன்று நாடெங்கும் அங்கன்வாடியாக நிற்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட மையங்கள். அங்கே பிள்ளைக்குச் சோறூட்டி, எடை போட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, பதிவேடும் எழுதுகிற சகோதரிக்குக் கொடுப்பது சம்பளமல்லவாம், மதிப்பூதியமாம்! பணிக்கொடை அவருக்கும் உண்டு என்று 2022-ல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதே வேலையை ரெஜ்ஜியோவில் செய்பவர் நகரசபை ஊழியர்.

உலகத்தோடு தொடர்பு என்றால் விமானம் ஏறிப் போவோரின் விவகாரம் என்று நினைப்பது தவறு. 1948-ல், யுத்தச் சாம்பல் ஆறுமுன்னே, பிராக் நகரில் கூடிச் சிறு குழந்தைக் கல்விக்கென ஓர் உலக அமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்வீடனின் ஆல்வா மிர்டால் அம்மையார் முன்னின்றவர்களில் ஒருவர். பல நாடுகளில் அதற்குக் கிளை உண்டு. பஞ்சாலைத் தொழிலாளிக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் கடல் கடந்த தோழர்களோடு கடிதப் போக்குவரத்து இருக்குமானால், அங்கன்வாடி ஊழியருக்கு ஏன் கூடாது? அவர் எழுதும் பதிவேட்டில் ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கும் இடம் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைத் தமிழிலேயே அனுப்பட்டும். பெயர்த்துச் சொல்ல நம்மில் படித்த பிள்ளைகள் இல்லையா?

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு உங்கள் தெரு அங்கன்வாடிச் சகோதரியை அழையுங்கள். கூரை ஒழுகுகிறதா, கக்கூஸ் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பிறகு வில்லா செல்லாவின் கதையைச் சொல்லுங்கள். நம்மிடம் டாங்கி ஏது என்று யாராவது கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நம்மிடமும் இருக்கிறதே, தோழரே!