பூட்ஸுக்குள்ளே ஒரு ரகசியம்

நவராத்திரி ஐந்தாம் நாள். எதிர் வீட்டு மாமி கொலுவுக்கு அழைத்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த என் பிள்ளையையும் அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். அன்று பகலெல்லாம் மழை. நான் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய்விட்டேன். பிள்ளையைக் காணோம். எட்டிப் பார்த்தால், பூட்ஸைக் கழற்றாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்!

“உள்ளே வாடா, கண்ணா!” என்று மாமி அழைத்தாள்.

“எனக்குச் சுண்டல் வேண்டாம், மாமி” என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டம். கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் உயிரை விடுகிற பிள்ளை!

இரவு மெதுவாக விசாரித்தபோதுதான் விம்மிக்கொண்டே சொன்னான். வகுப்பில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சிக்குப் போய்விட்டானாம். ‘காலை நன்றாகக் கழுவுடா’ என்று நானும் நாள் தவறாமல் அவனைத்தான் கோபித்துக்கொண்டிருந்தேன். அவனோ இரண்டு வேளையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் இருந்தான். குற்றம் அவனுடையதல்ல, சகோதரிகளே. வீடு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமென்று, ஈர பூட்ஸைத் தினமும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவள் நான்தானே!

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வியர்வைதான் நாறுகிறது என்று நினைக்கிறோம். பாவம், புது வியர்வைக்கு வாசனையே கிடையாது. நம் இரண்டு பாதங்களிலுமாகச் சுமார் 2½ லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த ஈரமும், பூட்ஸுக்குள் இருக்கும் இருட்டும் வெதுவெதுப்பும் பாக்டீரியாக்களுக்குக் கல்யாண வீடு மாதிரி! அவை வியர்வையையும் உதிர்ந்த தோலையும் தின்று, ஐசோவலரிக் அமிலம் முதலியவற்றை உண்டாக்குகின்றன. நம் மூக்கைத் துளைப்பது அதுதான்.

ஐரோப்பாவில் லிம்பர்கர் என்று ஒரு பாலாடைக்கட்டி உண்டு. அதன் மணத்துக்குக் காரணமான பாக்டீரியாவின் நெருங்கிய உறவுக்காரர்கள்தாம் நம் கால் விரலிடுக்கிலும் குடியிருக்கிறார்கள். மலேரியா பரப்பும் ஒருவகைப் பெண் கொசு, மனிதர் கால் நாற்றத்தை நாடுகிற மாதிரியே இந்தப் பாலாடைக்கட்டியையும் நாடி வருகிறது என்று பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யாங் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டார்கள். இதற்காக 2006-ல் அவர்களுக்கு ‘இக் நோபல்’ என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது!

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பூட்ஸ் நாற்றத்தைப் போக்கப் படாத பாடு படுகிறார்கள். மனித வாடை கொஞ்சம் வீசினாலும் மான் ஓடிவிடுமே! நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வாசலிலேயே காலணியைக் கழற்றுகிற ஊர் நம்முடையது. மான் ஓடாவிட்டால் என்ன? மானம் ஓடிவிடுகிறதே!

செய்ய வேண்டியது என்ன?

முதல் காரியம், உலர்த்துவது. கயிற்றை முழுதும் அவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்து விடுங்கள். உள்ளே இருக்கும் அட்டையை எடுக்க முடிந்தால் எடுத்துத் தனியே காய வையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி, விரல் நுனி வரை அடையுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சில மணிக்கொரு தரம் காகிதத்தை மாற்றுங்கள். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

அவசரப்பட்டு அடுப்பருகே வைத்துவிடாதீர்கள்! தோல் சுருங்கி வெடித்துப் போகும். கடும் வெயிலும் தோலுக்கு ஆகாது. நிழலும் காற்றும் போதும். கான்வாஸ் பூட்ஸானால் சோப்பு நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம்.

இரண்டாவது, சமையல் சோடா. ஆப்பத்துக்குப் போடுகிறோமே, அதேதான். நாற்றம் அமிலம், சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் அமிலம் உப்பாக மாறி ஆவியாகாமல் நின்றுவிடும். நன்றாகக் காய்ந்த கான்வாஸ் பூட்ஸில் ஒரு மேஜைக்கரண்டி சோடாவைத் தூவி, இரவு முழுதும் விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள். தோல் பூட்ஸில் நேரே தூவினால் நாளடைவில் தோல் வறண்டு போகும். ஆகையால் பழைய ஸாக்ஸில் சோடாவை முடிந்து உள்ளே வையுங்கள்.

மூன்றாவது, ஓய்வு. ஒருநாள் போட்ட ஜோடியை மறுநாள் போடாமல் காற்றாட விடுவது உத்தமம். இரண்டு ஜோடி இருந்தால் இரண்டுமே அதிக நாள் உழைக்கும்.

சென்ட்டைத் தெளிப்பதாலோ, பாச்சை உருண்டை போடுவதாலோ பயனில்லை. ஒரு வாசனையின் மேல் இன்னொரு வாசனையைப் போர்த்துகிறோம், அவ்வளவுதான். மேலும், பாச்சை உருண்டை விஷம். குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும் அபாயம் உண்டு.

காலையும் கவனியுங்கள்

கழுவினால் மட்டும் போதாது. விரலிடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஸாக்ஸைத் தினம் மாற்ற வேண்டும். நைலானைவிடப் பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும். விரலிடுக்கு வெளுத்து, அரித்து, தோல் உரிந்தால் அது காளான் தொற்றாக இருக்கலாம்; டாக்டரிடம் காட்டுங்கள். நீரிழிவுக்காரர்கள் காலை வெந்நீரில் ஊற வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் புண்ணாகிவிடும்.

நம் பிள்ளை கதைக்கு வருவோம். இரண்டு நாள் அவன் பழைய கான்வாஸ் பூட்ஸில் பள்ளிக்கூடம் போனான். தோல் பூட்ஸ் கூடத்து மின்விசிறியடியில் ராஜா மாதிரி வீற்றிருந்தது. எட்டாம் நாள் மாலை, அதைப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பியவன், “அம்மா, எதிர் வீட்டுக்குப் போகலாமா?” என்று அவனாகவே கேட்டான். வாசற்படியில் பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, எனக்கு முன்னால் உள்ளே போனான்.

மாமி இரண்டு கிண்ணம் சுண்டல் கொடுத்தாள். ஒன்று அன்றையப் பங்கு. மற்றொன்று, ஐந்தாம் நாள் பாக்கி!