விழுந்த நால்வரும் வெந்த கையும்

தாளில் ஒரு வட்டம். அதற்குள் முரட்டு உடம்புக்காரன் ஒருவன் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறான். தகப்பன் சொல் கேளாமல் சூரியனை நெருங்கி, இறக்கையின் மெழுகு உருகி விழுந்த இகாரஸ். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் 1588-இல் ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ் செதுக்கிய நான்கு அச்சுப் படங்களில் ஒன்று இது. மூல ஓவியங்கள் அவருடைய ஊர்க்காரரான கோர்னெலிஸ் கோர்னெலிசுடையவை. மற்ற மூவரும் விழுந்தவர்களே: சூரியத் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டிய ஃபாயெத்தோன், தேவர்களைச் சோதிக்கத் துணிந்த டான்டலஸ், தேவர்களின் அரசன் ஸீயஸின் மனைவிக்கே ஆசைப்பட்ட இக்சியோன்.

கதை தெரிந்ததுதான். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இகாரஸின் தொடைச் சதையை. தாளில் இருப்பது கறுப்பு மை மட்டும்; சாம்பல் நிறம் ஒரு பொட்டும் கிடையாது. பிறகு எப்படி இவ்வளவு திரட்சி?

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு கோடும் மயிரிழையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி இளைக்கிறது. செதுக்குளியின் முனை கூரானது, மேலே போகப் போக அகலமானது. செப்புத் தகட்டில் அழுத்தித் தள்ளினால் பள்ளம் ஆழமாகும், அகலமும் ஆகும். மை கூடுதலாகப் பிடிக்கும். நிழல் விழும் இடத்தில் கோடுகள் அழுந்திக் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. கண் ஏமாந்து சதை என்கிறது.

வளைவுக்கு உளியை வளைப்பதில்லை. தோல் திண்டின்மேல் கிடக்கும் தகட்டைத்தான் திருப்புவார்கள். பிறகு மை பூசித் துடைத்தால், ஓலைச்சுவடியில் போல, கீறலுக்குள் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை வைத்து உருளைகளுக்கு இடையே இழுத்தால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்து வரும், இடம் வலம் மாறி. ஆக, தகட்டில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்!

இதைச் செய்த கை எப்படிப்பட்டது தெரியுமா? குழந்தையாக இருந்தபோது கோல்ட்சியுஸ் நெருப்பில் விழுந்தார். வலக்கை முழுதாக விரியவே இல்லை என்று நண்பர் காரெல் வான் மாண்டர் 1604-இல் எழுதினார். உளியின் குமிழை உள்ளங்கையில் அடக்கி, தோள் வலுவால் தள்ளும் வேலைக்கு அந்த மடங்கிய கை வாகாக அமைந்தது என்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அதே 1588-இல் அந்தக் கையையே அவர் பேனாவால் வரைந்தார், ஒவ்வொரு கோட்டையும் செதுக்கிய கோடு போலவே பருக்கவும் இளைக்கவும் விட்டு. ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் பார்வையில் அச்சுப் படம் என்றே நினைப்பீர்கள்.